விந்தகமா, எபிடிடிமிஸா? ஸ்லைடைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது

#1 யீஷூன்_நிலா, திங்கள் இரவு 11:42

எல்லோருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் உயிர்மருத்துவம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். அடுத்த வாரம் வியாழக்கிழமை திசுவியல் செய்முறைத் தேர்வு. மேசையில் வரிசையாக இருபது மைக்ராஸ்கோப் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்லைடு. ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம்தான். மணி அடித்ததும் அடுத்த நாற்காலிக்கு நகர வேண்டும். என்ன உறுப்பு, எந்தப் பகுதி, எதை வைத்துச் சொல்கிறாய் என்று மூன்று கேள்வி.

ஈரல், சிறுநீரகம், குடல் எல்லாம் ஒருவழியாகப் பிடிபட்டுவிட்டன. இனப்பெருக்க உறுப்புகளில்தான் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். எதை எடுத்தாலும் இளஞ்சிவப்பில் ஒரு வட்டம், அதைச் சுற்றி ஊதாப் புள்ளிகள். போன வாரம் மாதிரித் தேர்வில் விந்தணு முதிர்கிற சுருள்குழாயான எபிடிடிமிஸை விந்தகம் என்று எழுதினேன். ஆணின் விந்துநீர் சுரக்கும் பையான செமினல் வெசிக்கிளைப் பெண்ணின் கருக்குழாய் என்று எழுதினேன். "ஆம்பளைக்குக் கருக்குழாய் வைத்துவிட்டாயே" என்று தோழி இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

பாடம் நடந்த அன்று ஆசிரியர் இந்தப் பகுதியை மட்டும் ஓட்டமாக ஓட்டிவிட்டார், வகுப்பில் பாதிப் பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியவில்லை. இங்கே மருத்துவக் கூடங்களில் வேலை பார்த்தவர்கள் இருக்கிறீர்கள் என்று அம்மா சொன்னார். தமிழில் யாராவது சொன்னால் புரியுமோ என்று ஒரு நப்பாசை.

#2 காப்பி_ஓ_கோசோங், திங்கள் இரவு 11:58

படங்களை அட்டையில் ஒட்டிக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் போக வர மனப்பாடம் செய், அவ்வளவுதான். நான் அப்படித்தான் தேறினேன். இப்போது ஒன்றும் ஞாபகம் இல்லை, அது வேறு கதை.

#3 பழைய_மைக்ரோடோம், செவ்வாய் காலை 6:15

நிலா, முப்பத்தொரு வருடம் திசுக் கூடத்தில் இருந்தவன் நான். மெழுகு பிளாக்கை மைக்ரோடோமில் வைத்து 4, 5 மைக்ரான் தடிமனில் சீவி, கண்ணாடியில் ஏற்றி, சாயம் போட்டு டாக்டரிடம் கொடுப்பது வேலை. (பிளாக் என்றதும் வீவக அடுக்குமாடி புளோக்கை நினைத்துக்கொள்ளாதே.) ஊதா நிறம் ஹீமாடாக்சிலின், அது உட்கருவைப் பிடிக்கும். இளஞ்சிவப்பு இயோசின், மற்றதைப் பிடிக்கும். நீ பார்க்கிற அத்தனையும் இந்த இரண்டு சாயம்தான், அதனால் நிறத்தை வைத்து உறுப்பைக் கண்டுபிடிக்க நினைக்காதே.

மனப்பாடமும் வேண்டாம். முதலில் போய் இடியாப்பம் வாங்கு. இங்கே புட்டு மாயம் என்று தேங்காய்ப்பூவும் பழுப்புச் சர்க்கரையும் வைத்துக் கொடுக்கிறார்களே, அதுதான். சர்க்கரை போடுவதற்கு முன்னால் ஒன்றை எடுத்துக் கூரான கத்தியால் நடுவில் ஒரே வெட்டு. வெட்டிய முகத்தைப் பார். சில வட்டம், சில நீள்வட்டம், ஓரிடத்தில் வளைவோடு வெட்டுப்பட்டு வாழைப்பழம்போல ஒன்று. எல்லாம் ஒரே நூல். விந்தகம் இதேதான். ஒரு விந்தகத்துக்குள் ஏறக்குறைய 250 அறைகள், ஒவ்வொரு அறையிலும் ஒன்று முதல் நான்கு நுண்குழல்கள், சுருண்டு மடிந்து கிடக்கும். எபிடிடிமிஸில் இன்னும் வேடிக்கை. ஸ்லைடில் முப்பது வட்டம் தெரிந்தாலும் அங்கே இருப்பது ஒரே ஒரு குழாய். நீட்டினால் 6 மீட்டர் வரை வரும். நம் அடுக்குமாடி வீட்டில் இரண்டு மாடி உயரம், அது ஐந்து சென்டிமீட்டருக்குள் மடித்து வைத்திருக்கிறது.

ஆக, வட்டம் என்று ஒன்று அங்கே கிடையவே கிடையாது. அது கத்தி செய்த வேலை. பிறகு எதைப் பார்ப்பது? குழலின் நடுவே இருக்கிற ஓட்டைக்குப் பக்கத்தில் நிற்கிற செல்லின் தலையை, அதாவது ஓட்டையைப் பார்த்த முனையைப் பார். அந்தச் செல் தலையில் என்ன வைத்திருக்கிறது?

விந்தகக் குழலில் ஒழுங்கான தலையே இருக்காது. சுவரில் நான்கைந்து அடுக்குச் செல்கள் நெருக்கியடித்து நிற்கும். வெளிவிளிம்பில் தாய்ச்செல்கள், அதற்கு உள்ளே பெரிய உட்கருவோடு முதல்நிலை விந்துச்செல்கள் (உள்ளே நூல் கண்டு கலைந்ததுபோல் குரோமோசோம்கள் தெரியும்), அதற்கும் உள்ளே சின்னஞ்சிறு உருண்டைகள், கடைசியில் ஊசிபோல நீண்ட தலைகள். வால்கள் ஓட்டைக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். வெளியிலிருந்து உள்ளே போகப் போகச் செல் சிறிதாகிக்கொண்டே போனால் அது விந்தகம், யோசிக்காமல் எழுது. இரண்டாம்நிலை விந்துச்செல்லைத் தேடி நேரத்தை வீணாக்காதே. அது தோன்றிய சில மணி நேரத்தில் மறுபடி பிளந்துவிடும், கண்ணில் படுவதே அபூர்வம்.

எபிடிடிமிஸில் எல்லாச் செல்லும் ஒரே உயரம், சுவர் அளவெடுத்து வெட்டிய மாதிரி இருக்கும். ஓட்டை ஒழுங்கான வட்டம். தலையில் நீளநீளமான மயிர்க்கற்றை, நனைந்த தூரிகைபோல் நுனி ஒட்டிக்கொண்டு நிற்கும். ஸ்டீரியோசிலியா என்பார்கள். சிலியா என்றால் அசைகிற மயிரிழை, இது பெயரில்தான் சிலியா, அசையவே அசையாது. நீண்டுபோன மைக்ரோவில்லை, அதாவது செல்லின் மேல்விளிம்பு நீட்டங்கள்தான் அது. ஓட்டையின் நடுவில் விந்தணுக்கள் குப்பையாகக் குவிந்து கிடந்தால் சந்தேகமே வேண்டாம்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு குட்டித் துண்டு உண்டு, விந்தகத்திலிருந்து எபிடிடிமிஸுக்குப் போகிற சிறுகுழாய்கள். அதில் ஓட்டை நட்சத்திரம் மாதிரி இருக்கும். உயரமான செல் கூட்டம், குட்டையான செல் கூட்டம் என்று மாறி மாறி நிற்பதால் வருகிற வடிவம். உயரமானவை தலையில் நிஜ சிலியா, அசைகிறவை. கேள்வியில் நட்சத்திரம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு எழுது.

எபிடிடிமிஸிலிருந்து விந்தணுவைக் கொண்டுபோகிற வாஸ் டெஃபரன்ஸ் உனக்குத் தவறாது. ஓட்டை கடுகளவு, சுற்றிலும் தசை மூன்று அடுக்காக, பார்த்தாலே ரப்பர் குழாய். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையில் டாக்டர் விரலால் தடவிக் கண்டுபிடிக்கிற கயிறு இதுதான். மிச்சத்தை மாலையில் எழுதுகிறேன், பேரனைப் பள்ளியில் விட வேண்டும்.

#4 யீஷூன்_நிலா, செவ்வாய் காலை 7:02

அங்கிள்!! வேதியியல் வகுப்புக்குப் போகிற பேருந்தில் இரண்டு தடவை படித்துவிட்டேன். "செல்லின் தலையில் என்ன" என்று நோட்டில் எழுதி ஒட்டிவிட்டேன். செமினல் வெசிக்கிளை மறந்துவிடாதீர்கள், என் மானம் போனது அதில்தான்.

#5 ஒழுக்கம்_முக்கியம், செவ்வாய் பகல் 1:20

நெறியாளர் கவனத்துக்கு. இது குடும்பத்தோடு வாசிக்கிற தளம். என் பிள்ளைகளும் வருகிறார்கள். இந்த விஷயங்களை இப்படிப் பட்டவர்த்தனமாகப் பேச வேண்டுமா? அந்தப் பெண் தன் கல்லூரியில் கேட்டுக்கொள்ளட்டும்.

#6 தாதி_அக்கா, செவ்வாய் பகல் 1:51

ஐயா, கல்லூரியில் சிரித்தார்கள் என்பதால்தானே பிள்ளை இங்கே வந்து கேட்கிறாள். நாமும் முகத்தைத் திருப்பிக்கொண்டால் எங்கே போவாள்? என் பணியிடத்தில் நம் தமிழ்ப் பெண்கள் "அங்கே", "கீழே" என்று கையால் காட்டுவார்கள். வலி கருப்பை வாயிலா, சிறுநீர்ப் பையிலா என்று கண்டுபிடிக்கவே பத்து நிமிடம் ஆகும். பெயர் தெரிந்திருந்தால் என்ன கெட்டுப்போய்விடும்?

#7 ஈசூன்_வாத்தியார், செவ்வாய் மாலை 4:30

ஒழுக்கம் ஐயாவுக்கு ஒரு பழைய சேதி. 1677இல் டச்சுக்காரர் லேவன்ஹூக் தன் கையால் செய்த லென்ஸில் முதன்முதலாக விந்தணுவைப் பார்த்தார். லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்கு எழுதும்போது அவருக்கும் இதே கூச்சம். இது தவறான வழியில் எடுத்ததல்ல, மனைவியோடு கூடியபின் மிஞ்சியது என்று விளக்கம் சொல்லி, அருவருப்பாக இருந்தால் வெளியிட வேண்டாம் என்றும் எழுதினார். அவர்கள் வெளியிட்டார்கள். நம் நிலைமை அவரைவிட மோசமில்லை.

இன்னொன்று, சொற்கள். எங்கள் தாத்தா சிலோனிலிருந்து மலாயா ரயில்வேக்கு வந்தவர். எங்கள் வீட்டில் இருந்த இலங்கைப் புத்தகங்களில் செல்லுக்குக் "கலம்", திசுவுக்கு "இழையம்". தமிழ்நாட்டுப் புத்தகத்தில் "செல்", "திசு". இங்கே பத்திரிகையில் "உயிரணு". ஓவரிக்கு யாழ்ப்பாணத்துக்காரர் "சூலகம்" என்பார், சென்னைக்காரர் "அண்டகம்", "சினைப்பை", "கருமுட்டைப் பை" என்று மூன்று சொல்வார். எனக்குச் சூலகம்தான் பிடிக்கும், சூல் என்ற சொல் பழையது, அழகானது. ஆனால் நிலா, தேர்வில் உன் ஆசிரியர் கேட்கிற சொல்லை எழுது.

#8 பழைய_மைக்ரோடோம், செவ்வாய் இரவு 9:10

வாத்தியார் சொன்னபடியே சூலகம் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் நிலாவின் மானம். செமினல் வெசிக்கிளும் கருக்குழாயும் ஏன் குழப்புகின்றன? இரண்டிலும் உள்சுவர் மடிப்பு மடிப்பாக நீட்டிக்கொண்டு ஓட்டையை அடைத்துவிடும். கருக்குழாயின் அகன்ற பகுதியில் மடிப்பு கிளை விட்டுக் கிளை விட்டு, உள்ளே போனவன் வெளியே வர முடியாது. செமினல் வெசிக்கிளில் மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தேன்கூட்டு அறைகளாகிவிடும். இப்போது தலையைப் பார். கருக்குழாயில் சிலியா வைத்த செல் ஒன்று, பக்கத்தில் மொட்டைத் தலைச் செல் ஒன்று, மறுபடி சிலியா. மொட்டைத் தலைதான் முட்டைக்கு ஊட்டம் சுரக்கிறது, சிலியா முட்டையைக் கருப்பைப் பக்கம் தள்ளுகிறது. செமினல் வெசிக்கிளில் எல்லாம் மொட்டை. 400 மடங்கில் பார்த்தால் செல்லுக்குள் பொன்பழுப்பாகத் துகள்கள் தெரியும், வயது ஏற ஏறக் கூடும். இது சுரக்கிற இடம், விந்துநீரில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் வருகிறது, விந்தணுவுக்குத் தீனியான ஃபிரக்டோஸும் இதில்தான். தள்ளுகிற வேலை இல்லாத இடத்தில் சிலியா எதற்கு?

ஆணின் சிறுநீர்ப் பைக்கு அடியில் இருக்கிற புரோஸ்டேட் சுரப்பியில் ஓட்டைக்குள் இளஞ்சிவப்பு உருண்டைகள் கிடக்கும், சின்ன வெங்காயத்தைக் குறுக்கே வெட்டினாற்போல் வளையம் வளையமாக. அது ஒன்று போதும்.

ஒரு விஷயம் ஒப்புக்கொள்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் விந்தகத்திலிருந்து எடுத்த ஒரு துணுக்கு வந்தது, அரிசி மணி அளவு. அதற்கு பூவான் திரவம் என்று மஞ்சளாக ஒன்று உண்டு, பிக்ரிக் அமிலம் கலந்தது, அதில் போட வேண்டும். நான் வழக்கம்போல் ஃபார்மலினில் போட்டுவிட்டேன். சாயம் போட்டுப் பார்த்தால் குழல்கள் சுருங்கி ஒன்றுக்கொன்று விலகி நிற்கின்றன, செல்கள் சுவரைவிட்டு உதிர்ந்து ஓட்டைக்குள் கிடக்கின்றன. அந்த மனிதருக்கு விந்தணு உருவாவது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. மறுபடி ஒரு துணுக்கு எடுத்தார்கள். டாக்டர் என்னைத் திட்டவில்லை. மைக்ராஸ்கோப்பைக் காட்டி, "நீயே பாரு" என்றார். அன்றிலிருந்து அந்தச் சுவரை மறக்கவில்லை.

#9 பெயர்_வேண்டாம், புதன் இரவு 12:34

படிப்புக்குச் சம்பந்தமில்லாத கேள்வி, மன்னிக்கவும். திருமணமாகி நான்கு வருடம். டிங்கிக் காய்ச்சல் வந்து தேறிய மூன்று வாரத்தில் விந்துப் பரிசோதனை செய்தேன், எண்ணிக்கை மிகக் குறைவு. மூன்று மாதம் கழித்துத் திரும்ப வரச் சொன்னார் டாக்டர். மருந்தும் தரவில்லை. ஏன் இவ்வளவு நாள் காக்க வேண்டும் என்று கேட்கத் தயக்கமாக இருந்தது. இங்கே யாருக்காவது தெரியுமா?

#10 தாதி_அக்கா, புதன் காலை 8:05

தம்பி, மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள். டாக்டர் சொன்ன மூன்று மாதத்துக்குக் காரணம் மைக்ரோடோம் அங்கிள் சொன்ன அந்தச் சுவரில் இருக்கிறது. வெளிவிளிம்புத் தாய்ச்செல் ஒன்று விந்தணுவாகி ஓட்டைக்குள் விழ ஏறக்குறைய 64 நாள். 1960களிலேயே கணக்கிட்டுவிட்டார்கள். அப்புறம் அந்த 6 மீட்டர் குழாயைக் கடந்து நீந்தக் கற்றுக்கொள்ள இன்னும் ஒன்றிரண்டு வாரம். விந்தகம் உடம்புச் சூட்டைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருக்க வேண்டிய உறுப்பு. கடும் காய்ச்சல் அந்தச் சுவரில் பாதி வளர்ந்து நிற்கிற செல்களைத்தான் அடிக்கிறது. நீங்கள் பரிசோதித்தது காய்ச்சலில் அடிபட்ட அணியை. புது அணி இறங்கி வரட்டும், பிறகு எண்ணுவார்கள்.

காய்ச்சல்தான் காரணமா, வேறு ஏதாவதா என்பது இரண்டாவது முடிவு வந்தால்தான் தெரியும், ஆகவே அந்தச் சந்திப்பைத் தவறவிடாதீர்கள். கேட்கத் தயங்க வேண்டாம், அவர்கள் தினமும் பத்துப் பேரிடம் சொல்வதுதான்.

அந்தச் சுவரில் செர்டோலி செல் என்று ஒன்று இருக்கிறது நிலா, அடியிலிருந்து உச்சிவரை நீண்டு மற்றச் செல்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்கும். 1865இல் செர்டோலி என்ற இத்தாலியர் கண்டது. அதற்குத் தாதிச் செல் என்றும் பெயர், எங்கள் ஆள். ரத்தத்திலிருந்து எதை உள்ளே விடுவது, எதைத் தடுப்பது என்று கதவுக்காவலும் அதுதான்.

#11 பெயர்_வேண்டாம், புதன் காலை 8:40

மிக்க நன்றி அக்கா. மனைவியிடம் காட்டினேன்.

#12 மெக்பர்சன்_மல்லி, புதன் மாலை 6:22

நானும் ஒன்று கேட்டுவிடுகிறேன். ஸ்கேன் அறிக்கையில் கருப்பை வாயில் "நாபோத்தியன் சிஸ்ட்" என்று இருக்கிறது. இணையத்தில் தேடப் பயமாக இருக்கிறது. டாக்டர் ஒன்றுமில்லை என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டார்.

#13 பழைய_மைக்ரோடோம், புதன் இரவு 8:45

மல்லி அம்மா, டாக்டர் சொன்னது சரி, ஆனால் ஒரே வார்த்தை போதாதுதான். நிலாவுக்கும் இது தேர்வில் வரும், அதனால் சேர்த்தே சொல்கிறேன்.

கருப்பை வாயின் உட்பக்கம் ஒற்றை வரிசை உயரச் செல்கள், சளி சுரப்பவை. வெளிப்பக்கம், யோனியைப் பார்த்த பக்கம், தட்டைச் செல்கள் அடுக்கடுக்காக, உதட்டின் உட்புறம் மாதிரி. இரண்டும் சந்திக்கிற இடம் ஒரு கோடுபோல் இருக்கும், ஆனால் அந்தக் கோடு வயதோடும் பிள்ளைப்பேற்றோடும் இடம் மாறும். வெளியே தள்ளப்பட்ட சளிச் செல்கள் யோனியின் அமிலத்தில் பட்டு மெல்ல மெல்லத் தட்டைச் செல்லாக மாறும். அப்படி மாறும்போது ஒரு சுரப்பியின் வாயைப் புதுத் தட்டைச் செல்கள் மூடிவிட்டால் உள்ளே சளி தேங்கிக் கொப்புளமாகும். நாபோத்தியன் சிஸ்ட் அவ்வளவுதான். நாபோத் என்ற ஜெர்மானியர் இதைப் பார்த்துப் பெண்ணின் முட்டை என்றே நம்பிவிட்டார். அவருக்கு முன்னால் 1672இல் டி கிராஃப் சூலகத்துக் கொப்புளத்தை முழுசாக முட்டை என்று நினைத்தார். நிஜ முட்டை அந்தக் கொப்புளத்துக்குள் இருக்கிறது என்று 1827இல்தான் ஃபான் பேயர் ஒரு நாயின் சூலகத்தில் கண்டார்.

#14 தாதி_அக்கா, புதன் இரவு 9:15

அந்த மாறுகிற கோட்டில்தான் எச்.பி.வி கிருமி உட்கார வாய்ப்பு அதிகம், புற்றுநோயும் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். பாப் சோதனையில் தூரிகையால் சுரண்டுவதும் அதே இடம். மல்லி அக்கா, சிஸ்டை விடுங்கள், சோதனை செய்து எத்தனை வருடமாயிற்று? இங்கே 25 முதல் 29 வயது வரை மூன்றாண்டுக்கு ஒருமுறை பாப், 30க்குப் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை எச்.பி.வி சோதனை. பலதுறை மருந்தகத்தில் கேளுங்கள்.

#15 மெக்பர்சன்_மல்லி, புதன் இரவு 9:31

கடைக்குட்டி பிறந்தபோது செய்தது. அவன் இப்போது ராணுவத்தில் தேசிய சேவை செய்கிற வயது. நாளைக்கே பதிவு செய்கிறேன், திட்டாதீர்கள்.

#16 யீஷூன்_நிலா, வியாழன் இரவு 10:50

சூலகத்தையும் கருப்பை உட்சுவரையும் இன்னும் தொடவில்லை அங்கிள். ஒரே ஸ்லைடு போலவே இல்லை, ஒவ்வொரு புத்தகத்தில் ஒவ்வொரு படம்.

#17 பழைய_மைக்ரோடோம், வெள்ளி காலை 6:40

படம் மாறுவதுதான் அதன் அடையாளம். ஆண் பக்கத்தில் எந்த நாளில் வெட்டினாலும் ஒரே காட்சி. பெண் பக்கத்தில் என்ன தேதியில் வெட்டினார்கள் என்று கேட்க வேண்டும். கருப்பை உட்சுவரில் சுரப்பிகள் நேராக, குழல் வைத்தாற்போல் நின்றால் முட்டை வெளியாவதற்கு முன். மாதவிடாய்ச் சுழற்சியின் 16, 17ஆம் நாளில் ஒவ்வொரு செல்லிலும் உட்கருவுக்கு அடியில் வெள்ளையாக ஒரு பொட்டு விழும், கிளைகோஜன் என்ற சேமிப்பு மாச்சத்து சேர்ந்த இடம். அதற்குப் பிறகு சுரப்பி நெளிந்து ரம்பப்பல் போலாகும். கடைசியில் சுருள் தமனிகள் இறுகி மேல்பகுதி பட்டினி கிடந்து உதிர்கிறது. அடிப்பகுதிக்கு ரத்தம் வேறு தமனியில் வருவதால் அது தப்பித்து, அடுத்த மாதம் மறுபடி கட்டுகிறது. கருப்பை வாயின் சுவர் இப்படி உதிர்வதில்லை, அதையும் கேட்பார்கள்.

சூலகத்தின் ஓரத்தில் சின்னச் சின்ன முட்டைகள் வரிசையாக, ஒவ்வொன்றையும் தட்டையான செல்கள் ஒரே வரிசையாகச் சூழ்ந்திருக்கும். தட்டை கனசதுரமானால் அந்த முட்டை விழித்துவிட்டது என்று பொருள். சுற்றிலும் பளபளவென்று இளஞ்சிவப்பு வளையம் விழும், செல்கள் பல அடுக்காகும், நடுவில் நீர்க்குளம் தோன்றும். பிறக்கும்போது பத்து முதல் இருபது லட்சம் முட்டைகள், பருவமடையும்போது மூன்று நான்கு லட்சம், வாழ்நாளில் வெளிவருவது நானூறு சொச்சம். மிச்சமெல்லாம் அங்கேயே வாடிப்போகும். அதனால் ஸ்லைடில் வாடிய கொப்புளங்களைப் பார்த்தால் நான் சாயம் கெடுத்துவிட்டேன் என்று நினைக்காதே. 45 வயது அம்மாளின் சூலகத்தைச் சீவும்போது நினைத்துக்கொள்வேன், இந்தச் செல் அவர் பிறப்பதற்கு முன்பே பிளக்கத் தொடங்கிப் பாதியில் நின்று, இன்னும் அப்படியே காத்திருக்கிறது என்று.

யோனிச் சுவரில் சுரப்பியே கிடையாது. மேலடுக்குச் செல்கள் காலியாக வெள்ளையாகத் தெரியும், கிளைகோஜன் இருந்து கரைந்துபோன இடம்.

#18 ஒழுக்கம்_முக்கியம், சனி காலை 10:12

என் மனைவி இந்த இழையை முழுவதும் வாசித்துவிட்டு மருந்தகத்துக்குப் பதிவு செய்திருக்கிறாள். அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

#19 யீஷூன்_நிலா, அடுத்த வியாழன் மாலை 5:18

முடிந்தது! இருபதில் பதினெட்டு சரி என்று நினைக்கிறேன். நட்சத்திரம் வந்தது அங்கிள், ஏழாவது நாற்காலியில். தோழி அதை எபிடிடிமிஸ் என்று எழுதியிருக்கிறாள், இனி நான் சிரிக்கலாம். செமினல் வெசிக்கிளும் வந்தது, பொன்பழுப்புத் துகளைப் பார்த்துவிட்டேன்.

பதினாறாவதில்தான் கவிழ்ந்தேன். வெளிறிய பெரிய செல்கள் கூட்டம் கூட்டமாக, வேறு ஒன்றுமே இல்லை. அட்ரினல் சுரப்பி என்று எழுதிவிட்டு வந்தேன். வெளியே வந்து கேட்டால் கார்ப்பஸ் லூட்டியமாம், சூலகம்.

#20 பழைய_மைக்ரோடோம், அடுத்த வியாழன் மாலை 6:03

அட, அதுதான் முட்டை போன பிறகு கொப்புளத்தின் சுவரே சுரப்பியாக மாறுவது. சுவர் மடிந்து மடிந்து இருந்திருக்கும், மடிப்பின் இடுக்கில் சின்னதாகக் கருத்த செல்கள் வேறு இருந்திருக்கும். அட்ரினலில் அந்த மடிப்பு கிடையாது, செல்கள் மூன்று பட்டையாக நிற்கும். பார்க்கவில்லையா?

#21 யீஷூன்_நிலா, அடுத்த வியாழன் மாலை 6:09

எங்கே பார்ப்பது? நீங்கள் சொன்னபடி ஒன்றரை நிமிடமும் ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன் அங்கிள். அதில் ஓட்டையே இல்லை.